ஆபீஸ் டாய்லெட் சாவியும் ஏழு மில்லிமீட்டர் கல்லும்

எங்கள் ஆபீஸ் மும்பை ஃபோர்ட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. மாடிக்கு ஒரே ஒரு டாய்லெட். நாலு ஆபீஸுக்கும் அதுதான். அதன் சாவி தொலைந்துவிடக் கூடாது என்று ஒரு சாண் நீளக் கட்டையில் கட்டி, பியூன் மேஜைக்கு மேலே ஆணியில் மாட்டியிருப்பார்கள். போக வேண்டுமென்றால் அந்தக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பதினோரு ஆண்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஹாலை நீளவாக்கில் கடக்க வேண்டும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் எனக்குக் கூச்சம். ஒரு நாளைக்கு ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதோடு சரி.

வீடு டோம்பிவிலியில். காலை ஏழே காலுக்குள் ரயிலைப் பிடித்தால்தான் லேடீஸ் பெட்டியில், மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது சீட்டின் ஓரமாவது கிடைக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். மும்பை லோக்கலில் டாய்லெட் கிடையாது. ஸ்டேஷனில் இருப்பதைப் பற்றி, போய்வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே காலையில் அரை டம்ளர் காபி, அவ்வளவுதான். பையில் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முக்கால் பாட்டில் அப்படியே இருக்கும். அந்தத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுவேன். பதினாலு வருஷம் இப்படித்தான் ஓடியது. எங்கள் பெட்டியில் வருகிற பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இதே கணக்குதான் வைத்திருந்தார்கள். யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

மே மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி இரண்டரை மணி. இடுப்புக்கு மேலே முதுகின் இடது பக்கத்தில் யாரோ கட்டை விரலால் அழுத்துவதுபோல் தொடங்கியது. கால் மணி நேரத்தில் அது விலாவைச் சுற்றி, அடிவயிற்றுக்கு இறங்கி, தொடை இடுக்கு வரைக்கும் போய்விட்டது. படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இரண்டு பிள்ளை பெற்றவள் நான். ஆனால் பிரசவ அறையில் ஒரே இடத்தில் படுக்கவாவது முடிந்தது. இரண்டு தடவை வாந்தி. வீட்டுக்காரர் “வாயுப் பிடிப்பா இருக்கும்” என்று ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். அதுவும் வெளியே வந்தது.

பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அங்கே இருந்த இளம் டாக்டரும் வாயு என்றேதான் சொன்னார். ஒரு ஊசி போட்டார், வலி நின்றது, வீட்டுக்கு வந்தோம். மறுநாள் மதியம் திரும்பவும் பிடித்தது. வலியின் இடத்தை மட்டும் கேட்டால் போதாது, அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. குடல்வால் மாதிரி வயிற்றுக்குள் புண்பட்டு வரும் வலி என்றால் ஆள் அசையாமல் சுருண்டு கிடப்பார். கிட்னிக் கல் வலிக்காரர் ஒரு இடத்தில் நிற்க மாட்டார், புழுவாய்த் துடிப்பார். நான் அந்த நர்சிங் ஹோம் வராந்தாவில் கூண்டுப்புலி மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீர்ப் பரிசோதனையில் ரத்தம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, நுண்ணோக்கியில்தான். அல்ட்ராசவுண்டில் இடது கிட்னி நீர் கோத்து லேசாக வீங்கியிருந்தது, கல்லைக் காணோம். கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாய் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம், அதன் பெரும்பகுதியைக் குடலும் அதிலிருக்கும் காற்றும் மறைத்துக்கொள்ளும். அங்கே சிக்கிய கல் அல்ட்ராசவுண்டுக்குத் தப்பிவிடும். மருந்து ஏற்றாத சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், ஐந்தே நிமிடம். மூத்திரப்பையை எட்டுவதற்குச் சற்று முன்னால், குழாயின் கீழ்ப்பகுதியில், 7 மி.மீ. கல். அந்தக் குழாயின் உள்விட்டமே 3, 4 மி.மீ.தான் என்று டாக்டர் சொன்னபோது வலிக்கு அர்த்தம் தெரிந்தது. கல் கிட்னிக்குள் உட்கார்ந்திருக்கும்வரை பெரும்பாலும் வலிக்காது. குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டதும், மேலேயிருந்து வரும் சிறுநீர் வழியில்லாமல் தேங்கி கிட்னியை உப்ப வைக்கிறது. உயிர் போகிற வலி அதிலிருந்து வருவது.

இங்கே ஒரு விஷயம். வலி வந்ததும் எல்லோரும் “தண்ணியை மடக்மடக்னு குடி, கல் அடிச்சுட்டுப் போயிரும்” என்பார்கள். நானும் வாந்திக்கு நடுவே ஒரு சொம்பு குடித்தேன். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அடைத்த குழாய்க்கு மேலே தண்ணீரைச் சேர்த்தால் அழுத்தம்தான் கூடும். அந்த நேரத்தில் தாகத்துக்குக் குடித்தால் போதும். கணக்குப் போட்டுக் குடிப்பதெல்லாம் கல் வராமல் தடுக்க.

4, 5 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலான கற்கள் தானாகவே வெளியேறிவிடும். 10 மி.மீ.க்கு மேல் போனால் அந்த நம்பிக்கை குறைவு. என்னுடையது நடுவில். காத்திருந்து பார்க்கலாம் என்றார் டாக்டர். வலிக்கு டைக்ளோஃபெனாக், குழாயைத் தளர்த்த டாம்சுலோசின். மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தான். “இது ஆம்பளைங்களுக்குக் கொடுக்கிற மாத்திரை ஆச்சே, ஆன்ட்டி?” அவன் சொன்னதும் சரிதான், புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் மாத்திரை அது. குழாயின் கீழ்ப்பகுதித் தசையையும் அது தளர்த்துவதால் இதற்கும் எழுதுகிறார்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

புதிதாக ஒரு டீ வடிகட்டி வாங்கி, சமையலறை வடிகட்டியோடு கலந்துவிடாமல் இருக்கப் பிடியில் சிவப்பு நூல் சுற்றி பாத்ரூமில் மாட்டினேன். கல் வந்தால் பிடித்து லேபுக்குக் கொடுக்க வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் வடிகட்டியில் எட்டிப் பார்ப்பேன், தங்கம் அரிக்கிறவள் மாதிரி. எதுவும் வரவில்லை.

அதற்குள் ஊர் வைத்தியம் வந்து குவிந்தது. திருநெல்வேலியிலிருந்து அம்மா: “வாழைத்தண்டு ஜூஸ் குடி பிள்ள, ரெண்டே நாள்ல கரைஞ்சிரும்.” மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைத்தண்டு கிடைக்கும்; வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் போய் வாங்கி வந்தார். எதிர்வீட்டு மராத்திக்கார அம்மாள் கொள்ளு வேகவைத்த தண்ணீர் கொண்டுவந்தார். மராத்தியில் இந்த நோய்க்கு ‘முத்கடா’ என்று பெயர், மூத்திரக்கல் என்றே அர்த்தம். மூன்றாவது மாடி உத்தரப் பிரதேசத்துக்காரர் தொட்டியிலிருந்து பத்தர்சட்டா இலை பறித்துக் கொடுத்தார்; பார்த்தால் நம் ரணகள்ளி. கொழுந்தன் பீர் என்றான், அவன் எதற்கும் பீர்தான் சொல்வான். இதில் எதற்கும், பெரும்பாலோருக்கு வருகிற கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் சக்தி கிடையாது. மருந்தால் கரைக்கக் கூடியது பெரும்பாலும் யூரிக் அமிலக் கல்தான். அதற்குப் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தைக் குறைப்பார்கள், டாக்டர் மேற்பார்வையில். வாழைத்தண்டு, கொள்ளு விஷயத்தில் எனக்குச் சண்டையில்லை, நல்ல சாப்பாடு. ‘ஜூஸ் குடிக்கிறோமே, கரைந்துகொண்டிருக்கும்’ என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. வலி நின்றாலும் கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சத்தம் போடாமல் அடைத்துக்கொண்டே இருந்து கிட்னியைக் கெடுத்த கற்களும் உண்டு.

ஒன்பதாம் நாள் வேலைக்குப் போயிருந்தேன். வலி இல்லையே, லீவை ஏன் வீணாக்குவது என்ற புத்தி. திரும்பும்போது சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் ரயில் ஏறியதிலிருந்தே உடம்பு ஒரு மாதிரி இருந்தது. குர்லா தாண்டியதும் குளிரத் தொடங்கியது. மே மாத மும்பை, ஜன்னல் கம்பி சுடுகிறது, பெட்டியில் எல்லோரும் துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருக்கிறார்கள்; நான் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருக்கிறேன். எதிரே இருந்த பெண் “காய் ஜாலம், தாயி?” (என்ன ஆச்சு, அக்கா?) என்று என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அப்படிக் கொதித்தது.

இந்த இடத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. டாக்டர் முதல் நாளே சீட்டின் பின்பக்கம் எழுதியிருந்தார்: காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால், சிறுநீர் நின்றுபோனால், எதுவும் வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்தால் காத்திருக்காதீர்கள், உடனே வாருங்கள். வீட்டுக்காரர் அதை ஞாபகம் வைத்திருந்தார். இல்லாவிட்டால் நான் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அடைத்த கிட்னியில் கிருமி புகுந்துவிட்டால் அது ரத்தத்தில் கலக்க நேரம் ஆகாது, உயிருக்கே ஆபத்து. ஒரே கிட்னி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாதாரண வலிக்கே உடனே போக வேண்டும் என்பதையும் அந்த வார்டில் கிடந்தபோது கேட்டேன்.

அன்று ராத்திரியே கல்லை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. கிருமி இருக்கும்போது கல்லை உடைக்க மாட்டார்களாம். கல்லைத் தாண்டி ஒரு மெல்லிய குழாயைச் செருகி, தேங்கிய சிறுநீரை இறக்கிவிட்டு, ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். மூன்று வாரம் கழித்து, உடம்பில் எங்கும் வெட்டாமல் மூத்திர வழியாகவே கருவியை விட்டு லேசரால் கல்லை உடைத்தார்கள்.

எல்லோருக்கும் இதே முறை இல்லை. வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் ஒருவருக்குக் கல் கிட்னிக்குள்ளேயே இருந்தது, வெளியிலிருந்து அதிர்ச்சி அலை கொடுத்து உடைத்தார்கள். 1980இல் மியூனிக்கில் முதன்முதலாக மனிதருக்குச் செய்த முறை அது. 2 செ.மீ.க்கு மேல் பெரிய கல் என்றால் முதுகில் சின்னத் துளை போட்டு எடுப்பார்கள். கல்லின் அளவும் இடமும் கெட்டித்தன்மையும் பார்த்துத்தான் முடிவு. ‘அவருக்கு ஷாக் கொடுத்தார்களே, எனக்கு ஏன் லேசர்’ என்று நான் கேட்டதுபோல் நீங்கள் கேட்க வேண்டாம்.

அந்த மெல்லிய குழாய்க்கு டி.ஜே. ஸ்டென்ட் என்று பெயர். இரண்டு முனையும் பன்றி வால் மாதிரி சுருண்டிருக்கும், ஒன்று கிட்னியில், மற்றது மூத்திரப்பையில். உள்ளே அது இருந்த வாரங்கள் எனக்குக் கல்லைவிடக் கஷ்டமாக இருந்தன. முக்கால் மணிக்கு ஒரு முறை அவசரம். போகும்போது முதுகில் சுரீரென்று ஒரு இழுப்பு. நடந்தால் சிறுநீர் சிவக்கும். ஏதோ தப்பாகிவிட்டது என்று அழுதேன். பயந்து போன் செய்தால் “அது அப்படித்தாங்க இருக்கும்” என்றார்கள். இதை முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டிஸ்சார்ஜ் தாளில் ஒற்றை வரி, அதுவும் யாருக்கும் விளங்காத சுருக்கெழுத்தில்.

அதைவிட முக்கியம், ஸ்டென்டை எடுக்கும் தேதி. மறந்துபோய் மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் உள்ளே விட்டுவிடுகிறார்கள். அதன் மேலேயே கல் படிந்து, எடுக்கப் பெரிய ஆபரேஷன் தேவைப்படும். நான் ஊரிலிருந்து வரும் தினசரிக் காலண்டரில் அந்தத் தேதித்தாளை மடித்து, சிவப்பு மையால் ‘குழாய்’ என்று எழுதிவைத்தேன். எடுப்பது பத்து நிமிட வேலை. மரத்துப்போக ஜெல் தடவி எடுத்தார்கள். கூச்சம் இருந்தது, வலி பெரிதில்லை.

உடைத்த கல்லை ஒரு சின்ன சீசாவில் கொடுத்தார்கள். பெருங்காயக் கட்டியை நசுக்கினதுபோல் பழுப்பாக, ஒரு சிட்டிகைதான் இருக்கும். லேபில் அது கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது, கால்சியமும் சில கீரை, கொட்டைகளில் நிறைய இருக்கும் ஆக்சலேட்டும் சேர்ந்த படிகம். பெரும்பாலோருக்கு வருவது இந்த வகைதான்.

ஒன்றரை மாதம் கழித்து டாக்டர் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கச் சொன்னார். காலை முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு மணியைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு போவதையெல்லாம் கேனில் பிடித்து, மறுநாள் காலை முதல் சிறுநீரோடு முடிக்க வேண்டும். கேனைத் தூக்கிக்கொண்டு லோக்கலிலா போக முடியும்? ஞாயிற்றுக்கிழமை செய்தேன். ஆனால் ஏமாற்றாமல், ஆபீஸ் நாளில் எப்படிக் குடிப்பேனோ அப்படியே குடித்தேன். 5 லிட்டர் கேனின் அடியில் 850 மில்லி. டாக்டர் ரிப்போர்ட்டில் அந்த ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். “இரண்டரை லிட்டர் போகணும் அம்மா. நீங்க மூணுல ஒரு பங்கு போறீங்க. இந்தத் தண்ணிக்குள்ள இவ்வளவு உப்பும் கரைஞ்சிருக்க முடியாது, படிகமாகத்தான் செய்யும்.”

அப்போதுதான் எனக்கு அந்தக் கட்டையும் சாவியும் ஞாபகம் வந்தன. தக்காளி, கடின நீர், ஜாதகத்தில் சனி என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். தக்காளியில் ஆக்சலேட் குறைவுதான், ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்டு இரண்டு மாதம் வீட்டில் ரசம் வைக்கவில்லை. உண்மையில் நான் பதினாலு வருஷமாகச் சிறுநீரை வற்றவைத்துக் கல்லைக் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறேன், உப்பளத்தில் உப்பு விளைகிற மாதிரி. இது என் ஒருத்தியின் சோம்பல் மட்டும் இல்லை. இதே மும்பையில் 2011இல் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து ‘ரைட் டு பீ’, அதாவது சிறுநீர் கழிக்கும் உரிமை, என்று ஒரு இயக்கமே தொடங்கினார்கள். பொதுக் கழிப்பறையில் ஆண்கள் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்களிடம் மட்டும் காசு வாங்குகிறார்கள் என்பது அவர்களுடைய முக்கியமான புகார்களில் ஒன்று. அந்தச் செய்தியை நான் அன்றைக்கு ரயிலில்தான் படித்தேன், தண்ணீர் குடிக்காமல்.

இன்னொரு தப்பையும் செய்திருந்தேன். கால்சியம் கல் என்றதும் பாலையும் தயிரையும் அடியோடு நிறுத்திவிட்டேன். டாக்டர் திட்டினார். சாப்பாட்டில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். கால்சியத்தை நிறுத்தினால் ஆக்சலேட் தனியாக ரத்தத்தில் ஏறி கிட்னிக்கு வந்து சேரும். 2002இல் இத்தாலியில் ஒரு ஆய்வு வந்தது. அடிக்கடி கல் வரும் 120 ஆண்களில் பாதிப்பேருக்குக் கால்சியம் குறைத்த உணவு. மற்றப் பாதிக்கு வழக்கமான கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. ஐந்து வருஷத்தில் முதல் கூட்டத்தில் 23 பேருக்கு மறுபடி கல், இரண்டாவதில் 12 பேருக்குத்தான். ஆகவே மதியம் தயிர்ச் சாதம் திரும்பி வந்தது. கால்சியம் மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் போடுவதில்லை.

உப்புதான் எனக்குப் பெரிய சண்டை. உப்பு சிறுநீரில் இறங்கும்போது கால்சியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். எங்கள் வீட்டில் கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம் இல்லாமல் சோறு இறங்காது. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் ஒரு வாரம் அளந்து பார்த்தேன். ஊறுகாயை எட்டும் முன்னாலேயே அந்த ஸ்பூன் தீர்ந்துவிட்டது. இப்போது ஊறுகாய் ஞாயிறு மட்டும். கருவாட்டைக் கைவிட முடியவில்லை, மாதம் ஒரு தடவை.

ரத்தம் ஊறும் என்று வாரத்துக்கு நாலு நாள் பாலக் கீரை வைத்துக்கொண்டிருந்தேன், ரயிலில் கொறிக்க ஒரு கைப்பிடி பாதாம் வேறு. ஆக்சலேட் மிகுந்தவற்றில் இரண்டும் முன்வரிசை. ‘கீரையே ஆகாது’ என்று யாரும் சொல்லவில்லை. பாலக்கை மட்டும் எப்போதாவது, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, தயிரோடு. தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை போடும் வழக்கம் இருந்தால் நிறுத்துவது நல்லது, அதுவும் உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரேட் படிகம் சேராமல் தடுக்கும். நாளைக்கு ஒரு பழம், உப்பும் சர்க்கரையும் போடாமல். புளிப்பு பழகிவிட்டது.

தண்ணீருக்கு வருகிறேன். ‘மூன்று லிட்டர் குடி’ என்பது சுலபம்; லோக்கலில் போகிறவள் எப்போது குடிப்பது? பல நாள் தடுமாறி ஒரு வழி கண்டுபிடித்தேன். ஐந்து மணிக்கு எழுந்ததும் இரண்டு டம்ளர். அது ஆறே முக்காலுக்குள் இறங்கிவிடும். ரயிலில் நாக்கு நனைக்க மட்டும். ஆபீஸில் ஒன்பதரையிலிருந்து நாலரை வரைக்கும் ஒரு லிட்டர் பாட்டிலை ஒன்றரை முறை காலி செய்வேன். கடைசி ஒரு மணி நேரம் குடிப்பதில்லை. கிளம்பும் முன் போய்விட்டுத்தான் கிளம்புவேன். வீட்டுக்கு வந்ததும் மூன்று டம்ளர், படுக்கும் முன் ஒன்று. ராத்திரி ஒரு முறை எழுப்பும், எழுப்பட்டும். நாள் முழுவதிலும் சிறுநீர் கெட்டிப்படுவது அந்த நேரத்தில்தான். நான் அளவெல்லாம் பார்ப்பதில்லை, நிறம் பார்க்கிறேன். அடர் மஞ்சளாகப் போனால் குறைவு, வெளிறிய வைக்கோல் நிறத்துக்கு வர வேண்டும். இதயக் கோளாறோ கிட்னி பலவீனமோ உள்ளவர்கள் மட்டும் என்னைப் பார்த்துக் குடித்துவிடாதீர்கள். அவர்களுக்கு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அந்த அட்டவணை நடக்க ஒரு நாளைக்கு நாலு முறை நான் ஹாலைக் கடக்க வேண்டும். முதலாளியிடம் போய் நின்றேன். கல், ஸ்டென்ட் எல்லாவற்றையும் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவருக்கு என்னைவிடக் கூச்சம். மறுநாள் இரண்டாவது சாவி வந்தது. கட்டை இல்லாத சாவி, என் மேஜை டிராயரில். ஆபீஸில் இருக்கும் மூன்று பெண்களுக்கும் அந்த டிராயர் திறந்திருக்கும். டாய்லெட்டை வாரத்துக்கு இரண்டு முறை கழுவ ஏற்பாடு செய்யத்தான் ஆறு மாதம் ஆயிற்று.

ஒரு முறை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பத்து வருஷத்துக்குள் மறுபடி வரும் என்கிறார்கள். வருஷம் ஒரு முறை அல்ட்ராசவுண்ட் எடுக்கிறேன். போன முறை வலது கிட்னியில் 3 மி.மீ. ஒன்று உட்கார்ந்திருந்தது, சத்தமில்லாமல். புதிதா, பழையதா, தெரியாது. தொட வேண்டாம், தண்ணீர் குடியுங்கள் என்றார் டாக்டர். அடுத்த ஸ்கேன் ஜனவரியில். சிவப்பு நூல் சுற்றிய வடிகட்டி இன்னும் பாத்ரூம் ஆணியில்தான் தொங்குகிறது.